கல்லூரி டென்னிஸ் வளாகம்: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

டென்னிஸ் வளாகத்தின் வேலைகள் முடிந்து நான்கு கோர்ட்களும் உடற்கல்வித் துறையிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டன. ஆறு கோர்ட் என்று சொல்லித் தொடங்கியது ஏன் நான்கில் நின்றது, கேலரிக்குக் கூரை எங்கே என்று பலரும் கேட்டிருந்தீர்கள். இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான்: பணத்தில் பாதிக்கு மேல் மண்ணுக்குள் போயிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் செலவழித்த பணத்துக்குத்தான் முதலில் கணக்குச் சொல்ல வேண்டும். தணிக்கை செய்த வரவு செலவு தனித்தாளில் இருக்கிறது. இங்கே வேலையின் கணக்கு மட்டும்.

நம் கல்லூரி நிற்பது கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல். கோடையில் கை நுழையும் அளவு வெடிக்கும், ஐப்பசி மழையில் உப்பும். பழைய கோர்ட்கள் இந்த மண்ணின் மேல் நேராகப் போட்ட மூன்று அங்குலக் காங்கிரீட். மழை பெய்தால் தளத்தின் ஓரத்து மண் முதலில் நனைந்து உயரும், நடுவில் இருக்கும் மண் காய்ந்தே கிடக்கும். கோடையில் இது தலைகீழாகும். வருடத்துக்கு இருமுறை இப்படித் தூக்கி இறக்கினால் எந்தத் தளமும் பிளக்கும். பிளவில் ஆண்டுதோறும் சிமெண்ட் பூசியதும் வீண்தான். அசையும் பிளவில் அசையாத பொருளை அடைத்தால் அடுத்த பருவத்தில் அதன் பக்கத்திலேயே புதுப் பிளவு வரும். போதாததற்கு அவை கிழக்கு மேற்காகக் கிடந்தன. மாலை ஐந்து மணிக்கு மேற்கே பார்த்து சர்வ் போடுபவருக்குப் பந்தும் சூரியனும் ஒரே இடத்தில்தான் தெரியும். ஆகவே பழையதை ஒட்டுப்போடும் யோசனையைக் கைவிட்டு, வடக்கு தெற்காகத் திருப்பிப் புதிதாகவே போட்டோம்.

ஒரு கோர்ட்டின் கோடுகளுக்குள் இருக்கும் இடம் 23.77 மீட்டர் நீளம், 10.97 மீட்டர் அகலம். பின்கோட்டுக்குப் பின்னால் 6.40 மீட்டரும் பக்கவாட்டில் 3.66 மீட்டரும் ஓட இடம் விட்டால் 120 அடிக்கு 60 அடி வரும். இரண்டு கோர்ட் சேர்ந்தால் 120 அடிச் சதுரம். அப்படி இரண்டு சதுரங்கள், மொத்தம் 28,800 சதுர அடி. பக்கத்தில் ஓட இடத்தைக் குறைத்து ஐந்தாவது கோர்ட்டையும் நுழைக்கலாம் என்று யோசனை வந்தது. அகலமாக வரும் பந்தைத் துரத்துபவர் வேலியில் போய் மோதுவார் என்பதால் ஏற்கவில்லை.

ஒவ்வொரு சதுரத்தையும் சுற்றி மூன்றடி கூட்டி, மூன்றடி ஆழம் கரிசலை வெட்டி எடுத்தோம். குழி மட்டும் ஏறக்குறைய 950 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). அதை நிரப்ப வந்த கிராவலை ஆறு அங்குலம் ஆறு அங்குலமாகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டி ஆறு அடுக்காக ஏற்றினோம். அமுங்கும் என்பதால் கிராவல் குழிக் கணக்கைவிட கால் பங்கு கூடுதலாகவே பிடித்தது. ஒவ்வொரு அடுக்கிலும் மணல் மாற்றுச் சோதனை (சிறு குழி தோண்டி, அதில் பிடிக்கும் மணலைக் கொண்டு இறுக்கத்தை அளப்பது) செய்து, ஆய்வகத்தில் வரும் அதிகபட்ச இறுக்கத்தில் 95 சதவீதம் வந்த பிறகே அடுத்த அடுக்கு. இரண்டாவது சதுரத்தின் மூன்றாம் அடுக்கு தேறவில்லை. முந்தின இரவு மழையில் கிராவல் சேறாகிவிட்டது. மேலே காய்ந்ததும் ரோலரை ஓட்டிவிடலாம் என்ற யோசனை வந்தது. ஈரம் கூடிய மண்ணில் ரோலர் ஓட்டினால் அது ரப்பர் போல அமுங்கி எழும், இறுகாது. கிளறி, இரண்டு நாள் வெயிலில் போட்டு, மறுபடி உருட்டச் சொன்னோம்.

அதன் மேல் நான்கு அங்குலம் வெட்மிக்ஸ் ஜல்லி (பல அளவு ஜல்லியைத் தண்ணீரோடு கலந்தது), பிறகு 250 மைக்ரான் பாலித்தீன் விரிப்பு. விரிப்பின் இணைப்புகள் ஓரடி மேலேறி ஒட்டப்பட்டிருக்கின்றன. இந்த விரிப்பு இல்லாவிட்டால் மண்ணின் ஈரம் காங்கிரீட் வழியாக ஏறி வந்து, மேலே பூசும் அக்ரிலிக் வண்ணப்பூச்சைக் கொப்புளமாகத் தூக்கிவிடும். ஊரில் உரிந்து கிடக்கும் கோர்ட்களில் பலவற்றின் நோய் இதுதான். பெயிண்ட்டின் மேல் பழி போட்டு மறுபடி மறுபடி பெயிண்ட்டே அடிப்பார்கள்.

காங்கிரீட் எம்25 என்ற வலிமைத் தரம், கனம் ஐந்து அங்குலம். 10 மி.மீ. கம்பி, இருதிசையிலும் ஆறு அங்குல இடைவெளி. கம்பியோடு கம்பி சேருமிடத்து மேலேற்றத்தைச் சேர்க்காமலே கம்பி ஏறக்குறைய 22 டன். காங்கிரீட் மொத்தம் 340 கன மீட்டர். ஒவ்வொன்றும் 60 அடிச் சதுரமாக எட்டுப் பாகங்களாகப் பிரித்து, ஒரு நாளைக்கு ஒரு பாகம் என்று ஊற்றினோம். ஒரு பாகத்துக்கு ஆறு கன மீட்டர் வண்டி ஏறக்குறைய ஏழு வேண்டும். வண்டிக்கும் வண்டிக்கும் இடையில் முக்கால் மணி நேரம் போனால் பழைய காங்கிரீட் இறுகிப் புதியதோடு ஒட்டாது. அதனால் ஏழு வண்டியும் வருவது உறுதியான நாளில் மட்டுமே வேலை. பாகங்களுக்கு இடையிலான இணைப்பு வலைக்கு நேர் கீழும் கோர்ட்டுக்கும் கோர்ட்டுக்கும் நடுவிலும் மட்டும் வரும்படி வைத்து, ரப்பர் போல நெகிழும் பாலிசல்பைடு அடைத்திருக்கிறது. ஆட்டம் நடக்கும் இடத்தின் குறுக்கே வேறெங்கும் இணைப்பு இல்லை.

வாட்டம், அதாவது தண்ணீர் வடியத் தரும் சரிவு பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், இதில்தான் அதிக வாக்குவாதம். சதுரம் முழுவதும் ஒரே பலகையாக மேற்கிலிருந்து கிழக்கே 120 அடிக்கு ஓரடி இறங்குகிறது. வலையிலிருந்து இரண்டு பக்கமும் வழியும்படி நடுவை உயர்த்துவது வீட்டு மொட்டைமாடிப் பழக்கம். கோர்ட்டில் அப்படிச் செய்தால் வலை மேட்டில் நிற்கும், பின்கோட்டில் ஆடுபவருக்கு அது உயரமான வலையாகிவிடும். ஒரே பக்கச் சரிவில் ஒரு கோர்ட்டின் அகலத்துக்கு 9 செ.மீ. தாழ்வுதான், ஆடுபவருக்குத் தெரியாது. தண்ணீருக்கு மட்டும் தெரியும்.

மேற்பரப்பை முடிப்பதில் ஒரு தவறு நேர்ந்தது. அக்ரிலிக் பிடிக்க, ஈரமாக இருக்கும்போதே துடைப்பம் இழுத்துச் சொரசொரப்பாக விட வேண்டும் என்பது ஒப்பந்தம். நான்காவது பாகத்தை மட்டும் கொத்தனார்கள் இயந்திரக் கரண்டி போட்டுக் கண்ணாடியாகத் தேய்த்துவிட்டார்கள். அவர்கள் கண்ணுக்கு அதுதான் நல்ல வேலை. 3,600 சதுர அடியையும் வைரச் சக்கரத்தால் சுரண்ட வேண்டியிருந்தது, ஒப்பந்ததாரர் செலவில். க்யூரிங்குக்கு (காங்கிரீட்டை ஈரம் காயாமல் வைத்து இறுக விடுவதற்கு) ரசாயனம் அடிக்கவில்லை, அதுவும் பூச்சைப் பிடிக்க விடாது. சரிவில் பாத்தி கட்டினால் தண்ணீர் நிற்காது என்பதால் ஈரச் சாக்குதான் போட்டோம்.

காங்கிரீட் ஊற்றி 28 நாள் கழித்தும் உடனே பூச்சு ஆரம்பிக்கவில்லை. ஒன்றரை அடிச் சதுரத்தில் தெளிவான பாலித்தீன் துண்டுகளை நாலு ஓரமும் டேப் ஒட்டித் தளத்தில் பதித்து ஓரிரவு விட்டோம். காலையில் பிரித்தால் ஐந்து இடத்தில் விரிப்பின் அடிப்பக்கம் காய்ந்திருந்தது. கிழக்கு ஓரத்தில் ஒன்றில் மட்டும் கடுகளவு கடுகளவாக நீர்த்துளிகள், கீழே காங்கிரீட் ஒரு நிழல் கறுத்திருந்தது. வடிகால் கட்ட நிறுத்தி வைத்த தண்ணீர் அந்த ஓரத்தில் ஊறியிருந்தது. தண்ணீரை வடித்துவிட்டு இன்னும் பன்னிரண்டு நாள் காத்தோம்.

பிறகு தளம் முழுக்கத் தண்ணீர் பாய்ச்சி, வடிந்து ஒரு மணி நேரம் கழித்துத் தேங்கிய இடங்களைப் பார்த்தோம். தேங்கியதில் நாணயத்தைப் படுக்க வைத்து, அது மூழ்கினால் சாக்பீஸால் வட்டம். நான்கு கோர்ட்டிலும் சேர்த்து முப்பத்தொரு வட்டம் விழுந்தது. அக்ரிலிக் பசை, மணல், சிமெண்ட் கலந்து நிரப்பி, பத்தடி மட்டக்கட்டையால் இழுத்துச் சமன் செய்தோம். பூச்சு கனமாக விழுந்தால் பள்ளம் மறைந்துவிடும் என்பது தப்பு, பூச்சு பள்ளத்தோடேதான் படியும்.

பூச்சு வரிசை: அமிலத்தால் கழுவி அலசல், பிரைமர், அடிப்பூச்சு இரண்டு கை, மணல் கலந்த வண்ணப்பூச்சு மூன்று கை. ஆடுமிடம் நீலம், சுற்றிப் பச்சை. மஞ்சள் பந்து நீலத்தில் எடுப்பாகத் தெரியும். அமெரிக்க ஓப்பன் 2005இல் நீலத்துக்கு மாறியதும் அதற்காகத்தான். வேலை நேரம் விடியற்காலை ஐந்தரை முதல் ஒன்பது வரை மட்டும். அதற்கு மேல் தளம் சுட்டு, ரப்பர் பட்டையால் இழுக்கும்போதே காய்ந்து வரிவரியாகிவிடும். கோடு அடிக்கும் முன் மூலைக்கு மூலை குறுக்களவு 26.18 மீட்டர் இரண்டு பக்கமும் சரியாக வருகிறதா என்று பார்த்தோம். அளவெல்லாம் கோட்டின் வெளிவிளிம்புக்கு. டேப்பின் ஓரத்தில் முதலில் நீலத்தையே ஒரு கை இழுத்து அடைத்த பிறகே வெள்ளை, இல்லையென்றால் டேப்புக்கடியில் கசியும்.

வலைக் கம்பங்களின் அடித்தளம் தளத்தோடு ஒட்டாமல் தனியாக நிற்கிறது, வலையின் இழுப்பு காங்கிரீட்டைப் பிளக்கக் கூடாது என்பதற்காக. வலை கம்பத்தில் 1.07 மீட்டர், நடுவில் பட்டையால் இழுத்து 0.914 மீட்டர். வேலி பத்தடி செயின்லிங்க் கம்பிவலை, கீழே இரண்டு அங்குலம் இடைவெளி, தண்ணீரும் சருகும் போக. தெற்குப் பக்கத்து வேலியின் பச்சைத் துணியை முழுசாகக் கட்டியதில் ஆடிக் காற்று இரண்டு கம்பத்தைச் சாய்த்துவிட்டது. இப்போது காற்று போக அரைவட்டத் துவாரம் வெட்டிக் கட்டியிருக்கிறோம். கம்பங்களையும் ஒன்றரை மடங்கு ஆழத்தில் மறுபடி ஊன்றியாயிற்று.

கிழக்கு ஓரத்து வடிகால் கல்லூரித் தொட்டிக்குப் போகிறது. ஒரு செ.மீ. மழைக்கு 26,000 லிட்டருக்கு மேல் கிடைக்கும். பயிற்சிச் சுவர் (40 அடி நீளம், பத்தடி உயரம்), மாணவியருக்குத் தனி உடை மாற்றும் அறை, குடிநீர், வேப்பமர நிழலில் கல்பெஞ்சு ஆகியவையும் முடிந்தன. கோர்ட் ஓரமாக நின்ற வேம்பை வெட்டவில்லை, வேர் உள்ளே வராமல் நான்கடி ஆழத்தில் தகடு இறக்கினோம்.

இனிப் பராமரிப்பு. தளத்தில் இரும்புக்கால் நாற்காலி, பந்தல் கால், பைக் எதுவும் கூடாது. ஆண்டு விழாவுக்கும்தான். கறுப்பு அடிப்பாக ஷூவை வேலிக்கு வெளியே கழற்றவும். வேப்பம்பழம் நசுங்கினால் அன்றே கழுவ வேண்டும், பிளீச்சிங் பவுடர் வேண்டாம். இரவில் நடுப்பட்டையைத் தளர்த்திவிட்டால் வலை நாள்பட உழைக்கும். மயிரிழைப் பிளவு வரத்தான் செய்யும். அதைப் பார்த்ததும் சிமெண்ட் பூசாமல் எங்களிடம் சொல்லவும். மறுபூச்சு ஐந்தாறு வருடத்தில் தேவைப்படும்.

விளக்கு முதல் சதுரத்துக்கு மட்டும். ஒன்பது மீட்டர் கம்பங்கள் பக்கவாட்டில் நிற்கின்றன. பின்கோட்டுக்குப் பின்னால் வைத்தால் சர்வ் போடப் பந்தைத் தூக்குபவர் கண் கூசும். இரண்டாவது சதுரத்துக்கான ஒயர் குழாய்கள் காங்கிரீட் போடும் முன்பே புதைக்கப்பட்டுவிட்டன. அவற்றின் வாய்கள் வடமேற்கு மூலையில் சிவப்பு மூடி போட்ட பெட்டிக்குள் இருக்கின்றன. பணம் சேரும்போது தளத்தை உடைக்க வேண்டியதில்லை.

திருப்பணிக் குழு