புதிய ஆசிரியர்களுக்குப் பல்கலைக்கழகம் துணை நிற்கக் கோரும் மனு

அனுப்புநர்:
பெற்றோர் உறுப்பினர்கள்,
பள்ளி மேலாண்மைக் குழு,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி,
கல்லல் ஒன்றியம், சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
சிவகங்கை.

பொருள்: புதிய ஆசிரியர்களுக்கும் பி.எட். பயிற்சி மாணவர்களுக்கும் வகுப்பறையிலேயே வழிகாட்ட, அழகப்பா பல்கலைக்கழகத்தை ஒன்றியப் பள்ளிகளோடு இணைக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சுற்றுச்சுவர், கழிப்பறை என்று முன்பு மனு கொடுத்திருக்கிறோம். இது அப்படியல்ல, இதற்குப் பெரிய செலவும் இல்லை.

2015 முதல் பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பு. அதில் 20 வாரம் பள்ளியில் இருந்து பழக வேண்டும் என்பது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் விதி. நல்ல விதிதான். ஆனால் இங்கே பயிற்சி மாணவியர் சார்ட்டும் பாடக்குறிப்பு நோட்டுமாக வந்து இறங்கினால், எந்த ஆசிரியர் விடுப்போ அந்த வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலைதான் முதலில் கிடைக்கிறது. கடைசி வாரம் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்குவதிலேயே போய்விடுகிறது. மேற்பார்வைக்கு வந்த ஒருவர் தலைமை ஆசிரியர் அறையில் தேநீர் குடித்துவிட்டு, வகுப்புப் பக்கமே போகாமல் கிளம்பியதும் உண்டு.

வேலை கிடைத்த பிறகு நிலைமை இன்னும் தனிமை. எங்கள் பள்ளிக்குப் புதிதாக ஒரு கணித ஆசிரியை வந்தார். ஆறாம் வகுப்பில் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், எங்கள் குழுவில் ஒருவரின் மகன் ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தான். மேல் எண்ணை மேல் எண்ணோடும் கீழ் எண்ணைக் கீழ் எண்ணோடும் கூட்டிவிட்டான். ஆசிரியை தவறென்று போட்டு, சரியான விடையை எழுதிக் கொடுத்தார்; மறுவாரமும் அதே தவறு. ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நோட்டைப் பார்த்துவிட்டு, “ஐந்தில் இரண்டு அரையை விடச் சின்னது. அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையை விடக் குறையுமா என்று அவனையே கேளுங்கள்” என்றார். பையனுக்கு அப்போதுதான் பிடிபட்டது. இந்த ஆசிரியை அக்கறை இல்லாதவர் அல்லர். எங்கள் பள்ளியில் கணிதத்துக்கு அவர் ஒருவர்தான். பக்கத்து வகுப்பில் போய்க் கேட்க ஆள் இல்லை.

வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். அவர்கள் பல பள்ளிகளைப் பார்க்க வேண்டும். ஒரே வகுப்பில் திரும்பத் திரும்ப வந்து உட்கார அவர்களால் முடிவதில்லை.

காரைக்குடியில் வள்ளல் அழகப்பர் 1950-ல் தொடங்கிய பயிற்சிக் கல்லூரி இன்று அழகப்பா பல்கலைக்கழகத்தின் கல்வியியல் கல்லூரியாக இருக்கிறது. கணிதத்தை எப்படிக் கற்பிப்பது என்பதையே பாடமாக நடத்துபவர்கள் இத்தனை பக்கத்தில் இருக்கும்போது, எங்கள் ஆசிரியை யாரிடமும் கேட்க முடியாமல் நிற்பது சரியில்லை.

எனவே தாங்கள் துணைவேந்தர் அவர்களையும் முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களையும் அழைத்துப் பேசி, முதலில் கல்லல், சாக்கோட்டை ஒன்றியங்களில் சில நடுநிலைப் பள்ளிகளையாவது பல்கலைக்கழகத்தோடு இணைத்துத் தர வேண்டுகிறோம். பயிற்சி மாணவர்கள் பயிற்சிக்காலம் முழுவதும் ஒரே பள்ளியில் இருக்கட்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பேராசிரியர் ஒருவர் வந்து பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கட்டும். புதிதாகச் சேர்ந்த ஆசிரியருக்கும் முதல் இரண்டு ஆண்டு இதே துணை வேண்டும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம்: பேராசிரியர் எழுதும் குறிப்பு அந்த ஆசிரியரிடமே இருக்க வேண்டும். மேலதிகாரிக்குப் போனால் அது ஆய்வு ஆகிவிடும். அப்புறம் எந்த ஆசிரியரும் தனக்குத் தெரியாததைச் சொல்ல மாட்டார். பதிலுக்கு, இங்கே பல ஆண்டு பாடம் நடத்திய மூத்த ஆசிரியர்களைப் பல்கலைக்கழகமும் வகுப்பெடுக்க அழைக்கலாம்.

பயிற்சி மாணவியர் கிராமத்துக்கு வரத் தயங்குவது டிக்கெட்டுக்காக அல்ல. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. காரைக்குடியிலிருந்து வரும் காலைப் பேருந்து இறைவணக்கம் முடிந்த பிறகுதான் ஊருக்குள் நுழைகிறது. அதைக் கால் மணி நேரம் முன்னதாக விடப் போக்குவரத்துக் கழகத்துக்குப் பரிந்துரைக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

குழுத் தீர்மானத்தின் நகல் இணைக்கப்பட்டுள்ளது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோர் உறுப்பினர்கள்