மதுரைத் தூண்களைப் பார்க்க வரும்போது

பிலடெல்பியா

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

இங்கே அனைவரும் நலம். உங்கள் நலமறிய ஆவல். ஜூனில் வந்ததும் முதல் சனி, ஞாயிறில் எங்கே போவது என்று அப்பா கேட்டிருந்தீர்கள். சனிக்கிழமை மிருகக்காட்சிசாலை, ஞாயிறு கலை அருங்காட்சியகம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் அருகருகேதான், கோடையில் ஊதா நிறச் சுற்றுலாப் பேருந்து ஒன்றே இரண்டுக்கும் போகும். அதனால் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று பலர் கிளம்புவார்கள். மதியத்துக்குமேல் கால் ஓய்ந்துவிடும், அருங்காட்சியகத்தில் பாதி பார்க்காமலே திரும்புவார்கள்.

மிருகக்காட்சிசாலைக்குக் காலை ஒன்பதரைக்கே, திறக்கும் நேரத்துக்குப் போய்விட வேண்டும். ஜூன் வெயிலில் மதியம் விலங்குகள் நிழலில் படுத்துவிடும், நாமும்தான். டிக்கெட்டை முன்பே இணையத்தில் எடுத்துவிடுகிறேன். உள்ளே 42 ஏக்கர். 1859-இலேயே அனுமதி கிடைத்தும், உள்நாட்டுப் போரால் தள்ளிப்போய் 1874 ஜூலை 1-இல்தான் திறந்தார்கள். அமெரிக்காவின் முதல் மிருகக்காட்சிசாலை என்று இதைத்தான் சொல்கிறார்கள். சாப்பாடு கொண்டுபோகலாம், அம்மா. தயிர்சாதமும் மாவடுவும் போதும்.

அங்கே அண்ணாந்து பார்த்து நடக்கப் பழகிக்கொள்ளுங்கள். கூண்டுக்குள் விலங்கைக் காணோமே என்று நிற்பவர்களின் தலைக்கு மேலேயே புலி நடந்துபோகும். கூண்டுகளை இணைத்துக் கம்பிவலையால் மூடிய பாதைகளை நடைபாதைக்கு மேலே கட்டியிருக்கிறார்கள். குரங்குகளுக்கு 2011-இல் தொடங்கினார்கள், பெரிய பூனைகளுக்கு 2014-இல் வந்தது. எந்த விலங்கு எப்போது மேலே போகும் என்பதைப் பராமரிப்பாளர்கள் முறைவைத்து மாற்றுவார்கள், ஆனால் போவதும் போகாததும் அதன் விருப்பம். அதனால் ஒரே இடத்தில் காத்துக் கிடக்காமல், ஒரு சுற்று போய்விட்டு மறுபடி வந்து பார்ப்பதுதான் சரி. அம்மா, கலாபகசு தீவுகளின் ராட்சத ஆமைகளையும் விட்டுவிடக் கூடாது. 1932-இல் இங்கே வந்த ஆமை, ஏறக்குறைய நூறு வயதில், 2025-இல்தான் முதன்முறையாகத் தாயானது. குஞ்சுகள் பொரித்தபோது ஒவ்வொன்றும் நூறு கிராம்கூட இல்லை.

அருங்காட்சியகத்துக்குப் பெரியவர்களுக்கு ஆளுக்கு 30 டாலர், 18 வயது வரை பிள்ளைகளுக்கு இலவசம். மாதத்தின் முதல் ஞாயிறும் வெள்ளி மாலையும் நாம் விரும்பியதைக் கொடுத்துப் போகலாம், கூட்டமும் அதற்கேற்ப இருக்கும். செவ்வாய், புதன் விடுமுறை. முன்வாசலில் 72 படிகள், எல்லோரும் அதில் ஏறித்தான் படம் எடுப்பார்கள். அப்பாவின் முழங்காலுக்கு அது வேண்டாம், பின்புற மேற்கு வாசல் வழியாகப் போனால் லிஃப்ட் இருக்கிறது. முதுகுப்பை பெரிதாக இருந்தால் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், சின்னப் பை போதும்.

நுழைந்ததும் வான் கோவின் சூரியகாந்தி ஓவியத்தின் பக்கம் போகாமல், நேராகத் தெற்காசியப் பகுதிக்குப் போய்விடுவோம். மதுரை மதனகோபால சுவாமி கோயிலின் கல்தூண்கள் அங்கேதான் மண்டபமாக நிற்கின்றன. நாயக்கர் காலத்துக் கருங்கல் வேலை, 1560 வாக்கில் செய்தது, மொத்தம் அறுபதுக்கும் மேற்பட்ட சிற்பத் துண்டுகள். 1912-இல் மதுரைக்கு வந்த அடலின் பெப்பர் கிப்சன் என்ற பிலடெல்பியாப் பெண்மணி விலைக்கு வாங்கிக் கப்பலேற்றியவை இவை. அவர் இறந்ததும், 1919-இல் குடும்பத்தார் அவர் நினைவாக அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். தூண்களின் இப்போதைய வரிசை இங்கே அமைத்தது, 2016-இல் அந்தப் பகுதியையே புதுப்பித்துத் திறந்தார்கள்.

நம் ஊரில் இருட்டிலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் மறைந்துபோகும் உளிவேலை இங்கே விளக்கொளியில் தெளிவாகத் தெரியும். ஆனால் துளசி வாசமோ மணியோசையோ இல்லை, மூலவரும் இல்லை. எனக்கு அது நெஞ்சை அடைக்கிற விஷயம்தான். அம்மா, தூணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கை தானாக நீளும். தொடக் கூடாது, காவலர் உடனே வந்து சொல்வார். கைகூப்பலாம். ஃபிளாஷ் போடாமல் படமும் எடுக்கலாம். குறைந்தது முக்கால் மணி நேரம் அங்கேயே இருப்போம், நடுவில் உட்கார்ந்துகொள்வோம். மற்றதெல்லாம் அப்புறம்தான்.

கிளம்புவதற்கு முன் ஒருநாள் மேலமாசி வீதிக்குப் போய் மதனகோபால சுவாமியைச் சேவித்துவிட்டு வாருங்கள். அனுமதித்தால் அங்கே மிச்சமுள்ள தூண்களை அடியிலிருந்து உச்சியிலுள்ள போதிகை வரை கைபேசியில் படம் எடுத்து வாருங்கள், அப்பா. மண்டபத்தில் நின்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் மகள்