கொல்லும் புதிரும் பிள்ளைகளும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பதின்வயதினர் உயிரைப் பணயம் வைக்கும் ஜப்பானிய அனிமே (கார்ட்டூன் தொடர்) என்றாலே பல பெற்றோர் முகம் சுளிக்கிறார்கள். அந்தக் கவலை புரிகிறது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து எடைபோட வேண்டாம். ‘ஃபை பிரெய்ன்’ தொடரை 2011 அக்டோபரில் ஒளிபரப்பத் தொடங்கியதே ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் கல்வி அலைவரிசைதான். சன்ரைஸ் நிறுவனத் தயாரிப்பு. மூன்று பருவங்கள், 75 பகுதிகள்.

நாயகன் டைமோன் கைட்டோ பள்ளி மாணவன். முதல் பகுதியிலேயே நிலத்தடிப் புதிர்வழிக்குள் மாட்டிக்கொள்கிறான். அங்கே ஒரு வளையம் அவன் கையில் பூட்டிக்கொள்கிறது. அப்புறம் பி.ஓ.ஜி. என்ற ரகசிய அமைப்பின் கொலைப்புதிர்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. வழி தவறினால் சாவு.

இங்கேதான் இந்தத் தொடர் மற்றவற்றிலிருந்து விலகி நிற்கிறது. கைட்டோ கோபப்படுவது புதிரின் மீதல்ல, அதை ஆள் கொல்லும் பொறியாக்கியவர்கள் மீது. அவனுக்குப் புதிர் என்பது சிறுவயதில் ஜின் என்ற மூத்த நண்பன் கற்றுத்தந்த சந்தோஷம். தோழி நொனோஹாவுக்குப் புதிர் சுத்தமாக வராது. ஆனாலும் பார்த்ததை மறக்காத நினைவாற்றலோடு கூடவே நிற்கிறாள். எனக்கு மிகவும் பிடித்தவள் அவள்தான்.

பிந்தைய பருவங்களில் கதை கொஞ்சம் இழுக்கிறது, உண்மைதான். முதல் பருவத்தையாவது பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். புதிர் வரும்போது நிறுத்தி, விடையைத் தாளில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், திருச்சி