நிசிரோஸ் போய்வந்த அப்பா எழுதுவது

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவும் மாப்பிள்ளையும் எங்களைக் கிரீஸுக்கு அழைத்து வந்திருக்கிறார்கள். நேற்று கோஸ் தீவிலிருந்து படகேறி நிசிரோஸ் போய்வந்தோம். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன மாதம் அனுப்பிய படத்தில் நீ மட்டும்தான் இருந்தாய். கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது என்கிறாள் அம்மா.

நிசிரோஸ் எரிமலைத் தீவு. நடுவிலே ஸ்டெஃபனோஸ் என்ற பள்ளம், ஏறக்குறைய 300 மீட்டர் அகலம். அடித்தரை வரை இறங்கினேன். செருப்பைத் தாண்டிச் சூடு ஏறியது. நீராவி சீறும் துளைகளின் விளிம்பில் ஊசி ஊசியாக மஞ்சள் கந்தகம் படிந்திருந்தது. குனிந்தால் உள்ளே உலை கொதிக்கும் சத்தம். அழுகிய முட்டை நாற்றம் பொறுக்காமல் அம்மா மேலேயே நின்றுவிட்டாள். கடைசி வெடிப்பு 1888-ல். கடல் தெய்வம் பொசைடன் கோஸ் தீவில் ஒரு துண்டைப் பெயர்த்து அரக்கன் ஒருவன்மேல் எறிந்தானாம். அதுதான் இந்தத் தீவு, சத்தம் அவன் முனகல். பத்து வயதில் இதைக் கேட்டிருந்தால் என்னைத் தூங்கவிட்டிருக்க மாட்டாய். இப்போது ஐந்து மாதமாக ஒரு போன் இல்லை.

1912 முதல் இத்தாலியர் ஆட்சி. 1948-ல்தான் கிரேக்கத்தோடு முறைப்படி இணைந்தது. பிழைப்பு தேடி நியூயார்க்கின் அஸ்டோரியாவுக்குப் போனவர்கள் ஏராளம். இன்று தீவில் சுமார் 1,000 பேர்தான். மாண்ட்ராகி ஊரில் ஒரு பாட்டி பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து பெருக்கிக்கொண்டிருந்தார். கையில் சாவிக்கொத்து, சாவிக்கு ஒரு நிறத்தில் நூல். "தம்பி வீடு, ஆகஸ்ட் 15 மாதா திருவிழாவுக்கு வருவான்" என்றாராம். மாப்பிள்ளை விசாரித்துச் சொன்னார். பச்சை நூல் கட்டிய சாவி அது.

உன் கல்யாணத்தன்று முதுகுவலி என்று படுத்துக்கொண்டேனே, வலியே இல்லை தம்பி. வீம்பு. அம்மாவுக்குக்கூட இன்றுவரை தெரியாது. அவள் தனியாகப் பஸ் ஏறிப் போனதை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்திருக்க வேண்டும். உங்கள் இரண்டு பேர் தலையிலும் அட்சதை போட்டிருக்க வேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு. 12-ஆம் தேதி ஊர் திரும்புகிறோம். மாடி அறையைக் கழுவிவிடச் சொல்லியிருக்கிறேன். தனியாக வருவதானாலும் வா. நான் எதுவும் கேட்க மாட்டேன்.

அப்பா