மெக்கெலன் போகும் மகளுக்கு

அன்பு மகள் செல்விக்கு,

ஞாயிற்றுக்கிழமை லூவனிலிருந்து மெக்கெலன் போகப்போவதாக எழுதியிருந்தாய். ரயிலில் அரை மணி நேரம்தானே, அவசியம் போய் வா. அந்த ஊரில் வாழ்ந்த ஆஸ்திரியாவின் மார்கரெட்டைப் பற்றி நீ அனுப்பிய குறிப்பைப் படித்தேன். மூன்று வயதில் பிரெஞ்சு இளவரசனுக்கு நிச்சயம், 11 வயதில் அவன் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான், 17 வயதில் ஸ்பானிய இளவரசனின் விதவை, 24 வயதில் சவாய் பிரபுவின் விதவை. குறிப்பை எழுதியவர்கள் அவ்வளவோடு முடித்துவிட்டார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அதெல்லாம் 1504-க்குள் நடந்து முடிந்த கதை. அதற்குப் பிறகு அவள் 26 ஆண்டுகள் வாழ்ந்தாள். அதில் 19 ஆண்டுகள் நெதர்லாந்து நாடுகளை, அதாவது இன்றைய பெல்ஜியம், நெதர்லாந்து, லக்ஸம்பர்க் பகுதிகளை, ஆண்டாள். அந்த 19 ஆண்டுகளைத்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அவள் எப்படி ஆட்சிக்கு வந்தாள்? 1506 செப்டம்பரில் அவற்றை ஆண்ட அவளுடைய அண்ணன் பிலிப் ஸ்பெயினின் பர்கோஸ் நகரில் திடீரென்று இறந்தான். அவனுடைய மகனும் வாரிசுமான சார்லஸுக்கு ஆறு வயது. தாய் ஹுவானா ஸ்பெயினில். தாத்தா மாக்ஸிமிலியன், அதாவது மார்கரெட்டின் தந்தை, பொறுப்பேற்கலாம் என்றால், அங்குள்ள நகரங்களுக்கு அவரிடம் நம்பிக்கை இல்லை. 1488-இல் புரூகஸ் நகர மக்கள் அவரையே மூன்று மாதத்துக்கு மேல் பூட்டிவைத்தவர்கள். அதனால் 1507-இல் மகளை அனுப்பினார். மார்கரெட் பிரஸல்ஸில் பிறந்தவள். ஊர்க்காரி என்பது அங்கே சாதாரணத் தகுதி இல்லை.

'நாடு' என்று ஒருமையில் சொல்வதே தவறு. பிராபாண்டில் சார்லஸ் டியூக்; ஃபிளாண்டர்ஸிலும் ஹாலந்திலும் கவுண்ட்; லக்ஸம்பர்க்கில் மறுபடி டியூக். ஒவ்வொரு மாகாணத்துக்கும் தனிச் சட்டம், தனிச் சபை, தனி உரிமைச் சாசனம். மொத்தத்துக்கும் ஒரே கிரீடம் கிடையாது. இந்த மாகாணங்களில் மார்கரெட் பெயரிலோ ஒரு பட்டமும் இல்லை; அண்ணன் மகனின் இடத்தில் உட்கார்ந்து ஆள்கிறாள்.

இனி பணத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அவள் ஆட்சியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. வரியை அங்கே 'பேடெ' என்பார்கள். டச்சு மொழியில் அதற்கு வேண்டுதல் என்று பொருள். பெயரிலேயே விஷயம் இருக்கிறது பார்: ஆள்பவள் கேட்க வேண்டும், சபை கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். முதலில் எல்லா மாகாணப் பிரதிநிதிகளையும் கூட்டி, எவ்வளவு வேண்டும், எதற்காக வேண்டும் என்று வாசிப்பார்கள். வந்த பிரதிநிதிகளுக்கு அங்கேயே 'சரி' சொல்ல அதிகாரம் இல்லை. ஊருக்குத் திரும்பிப் போய்த் தங்களை அனுப்பியவர்களிடம் கேட்டு வர வேண்டும். பிராபாண்டில் மதகுருமாரும் பிரபுக்களும் ஒப்புக்கொண்ட பின்னும் லூவன், பிரஸல்ஸ், ஆண்ட்வெர்ப், ஸ்ஹெர்டோகன்போஸ் என்ற நான்கு தலைநகரங்கள் ஒப்ப வேண்டும். ஒரு நகரத்துக்குள்ளேயே பல அடுக்கு. பிரஸல்ஸை எடுத்துக்கொள்: நகர மன்றம் ஒன்று, முன்னாள் மன்றத்தினர் ஒன்று, கைவினைக் குழுக்கள் ஒன்பது பிரிவாகச் சேர்ந்து ஒன்று. நெசவாளர்களோ கசாப்புக்காரர்களோ முரண்டு பிடித்தால் மொத்தமும் நின்றுவிடும். ஃபிளாண்டர்ஸில் கெண்ட், புரூகஸ், ஈப்பர், புரூகஸைச் சுற்றிய கிராமப் பகுதி ஆகிய நான்கும் இசைய வேண்டும். ஹாலந்தில் பிரபுக்களும் ஆறு பெரிய நகரங்களும்.

நகரங்கள் சும்மா ஒத்துக்கொள்வதும் இல்லை. 'எங்கள் பங்கில் தள்ளுபடி கொடுத்தால் சம்மதம்' என்று பேரம் பேசும். பெரிய நகரத்துக்குத் தள்ளுபடி கொடுத்தே ஆக வேண்டும். கொடுத்தால் அறிவித்த தொகைக்கும் கைக்கு வரும் தொகைக்கும் இடையில் பெரிய ஓட்டை விழும். பங்கு பிரிப்பதும் பழைய கணக்கில் நடந்ததால் தேய்ந்துபோன ஊரும் வளர்ந்த ஊரும் பழைய அளவிலேயே கட்டின. அதைச் சரிசெய்யத்தான் 1514-இல் ஹாலந்து முழுக்க ஊர் ஊராகப் போய் வீடு எத்தனை, தொழில் என்ன, கடன் எவ்வளவு என்று விசாரித்து எழுதினார்கள். அந்த ஏடுகள் இன்றும் இருக்கின்றன. அந்தக் காலத்துச் சாதாரண மனிதர்களைப் பற்றி இவ்வளவு விவரம் தரும் ஆவணம் அபூர்வம்.

வரி மெதுவாக வரும். படைவீரன் சம்பளத்துக்குக் காத்திருக்க மாட்டான், கிடைக்காவிட்டால் தன் பக்கத்துக் கிராமத்தையே கொள்ளையடிப்பான். ஆகவே வரப்போகும் வரியை ஈடாகக் காட்டி ஆண்டுத்தொகைப் பத்திரங்கள் விற்றார்கள். கில்டர் என்பது அங்கத்திய நாணயம்; 16 கில்டர் கொடுத்தவருக்கு ஆண்டுக்கு 1 கில்டர், அதாவது 6.25 சதவீதம், அசலை அரசு எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கொடுத்து மீட்கலாம். ஆயுள் பத்திரமானால் அதைவிடக் கூடுதல் வட்டி, வாங்கியவரோடு கடனும் போய்விடும். ஆண்ட்வெர்ப் வணிகர்களிடம் சில மாதத்துக்கு வாங்கும் கடனுக்கோ இதைவிட எவ்வளவோ அதிகமான வட்டி. இதில் எங்கே இடறும் என்றால், அடுத்த ஆண்டு வரியை இந்த ஆண்டே அடகு வைப்பதில். அடுத்த ஆண்டு வசூலாகும் பணம் கஜானாவுக்குள் நுழையாமலேயே கடன்காரனிடம் போய்விடும். மறுபடி கேட்கப் போனால் 'போன பணம் என்னாயிற்று?' என்று சபை கேட்கும்.

பணம் பெரும்பாலும் எதற்குப் போயிற்று? பக்கத்து நாடான கெல்டர்லாந்தின் டியூக் சார்ல்ஸ் எக்மாண்டோடு ஓயாத எல்லைச் சண்டைக்கு. ஹாலந்து எரிந்தால் ஃபிளாண்டர்ஸ் அது தன் சண்டை இல்லை என்னும். 1528 மார்ச்சில் கெல்டர்லாந்துத் தளபதி மார்ட்டின் வான் ரோஸம் ஹேக் நகரையே சூறையாடினான். அந்த ஆண்டு அக்டோபரில்தான் ஹோரிங்கம் உடன்படிக்கையில் சண்டை ஒருவழியாக அடங்கியது.

இந்தக் கணக்கெல்லாம் அத்துப்படியாக இருந்ததால்தான் அவள் போரை அப்படித் தவிர்த்தாள் என்பது என் கருத்து. 1513-இல் அவளுடைய தந்தையும் இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றியும் பிரான்சுக்கு எதிராகக் கிளம்பியபோது, இந்த மாகாணங்களை நடுநிலையில் நிறுத்தினாள். அதற்கு முன் 1506-இல் இங்கிலாந்து திணித்த பாதகமான வணிக ஒப்பந்தத்தை உறுதிசெய்ய மறுத்து, மறு ஆண்டு வேறொன்று பேசினாள். ஏழாம் ஹென்றி அவளைப் பெண் கேட்டதையும் ஏற்கவில்லை.

1515 ஜனவரியில் சார்லஸ் 15 வயது நிறையும் முன்பே வயதுவந்தவனாக அறிவிக்கப்பட்டான். அவனைச் சுற்றியிருந்த ஷியேவ்ர் பிரபுவின் கூட்டம் அவளை ஓரங்கட்டியது. அவள் அழுது புலம்பவில்லை. அந்த ஆகஸ்டில் தன் எட்டு ஆண்டு நிர்வாகத்தை விளக்கி ஓர் அறிக்கை எழுதிச் சபையில் சமர்ப்பித்தாள். அவன் ஸ்பெயின் போன பின், 1519-இல் திரும்ப அழைத்தான். வேறு யாராலும் முடியவில்லை என்பதைத் தவிர இதற்கு என்ன காரணம்?

இரண்டாவது முறை, சார்லஸ் இருந்த ஸ்பெயினின் தூரம்தான் பெரிய சிக்கல். டாக்ஸிஸ் குடும்பத்தோடு 1516-இல் போட்ட அஞ்சல் ஒப்பந்தப்படி பிரஸல்ஸிலிருந்து பாரிஸுக்கு கோடையில் 36 மணி நேரம், குளிர்காலத்தில் 40. பர்கோஸுக்கு 7 நாள், அல்லது 8. பிரான்சோடு போர் என்றால் அந்த வழி அடைபடும். கப்பலில் அனுப்ப வேண்டும், காற்றுக்குக் காத்திருக்க வேண்டும். பதில் வரும்வரை நகரங்கள் காத்திருக்குமா? இத்தனைக்கும் முக்கியப் பதவி நியமனங்களைச் சார்லஸ் தன் கையிலேயே வைத்துக்கொண்டான். பிரபுக்களை இழுத்துப் பிடிக்க ஆள்பவளுக்கு இருக்கும் நல்ல கருவி அது. அது அவளிடம் இல்லை.

கம்ப்ரே நகரில் சார்லஸுக்கும் பிரெஞ்சு அரசனுக்கும் இடையே ஏற்பட்ட சமாதானத்தைப் பற்றி மட்டும் நிறுத்தி நிதானமாகப் படி. 1529 ஜூலையில் அவளும் பிரெஞ்சு அரசனின் தாய் லூயிஸும் அங்கே சந்தித்தார்கள். லூயிஸ், மார்கரெட்டின் இறந்த கணவன் பிலிபெர்ட்டின் சகோதரி. இருவரும் பிரெஞ்சு அரண்மனையில் சிறுமிகளாகப் பழகியவர்கள். அடுத்தடுத்த வீடுகளில் தங்கினார்கள், இடையே போக வர ஒரு வழி. அந்த இரண்டு அரசர்களும் ஒருவரையொருவர் அவமதித்துவிட்டதால் யாரும் முதலில் இறங்கி வர முடியாது, பெண்கள் வரலாம் என்பது மார்கரெட்டின் வாதம். ஆகஸ்ட் 3-இல் கையெழுத்து ஆயிற்று. ஸ்பெயினில் பிணையாக இருந்த பிரெஞ்சு அரசனின் இரண்டு மகன்களை விடுவிக்க, எக்கு என்ற பிரெஞ்சுத் தங்க நாணயம் 20 லட்சம். ஃபிளாண்டர்ஸ், ஆர்ட்வா மேல் பிரான்சின் மேலுரிமை ஒழிந்தது. பர்கண்டியைத் தனக்குத் தர வேண்டும் என்று சார்லஸ் வற்புறுத்தவில்லை. நாணயங்களை எண்ணி, எடை பார்த்து, மாற்று உரைத்து முடிக்கவே மாதங்கள் ஓடின. 1530 ஜூலையில்தான் பிள்ளைகள் வீடு திரும்பினார்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. 1523 ஜூலை 1-இல் பிரஸல்ஸில் கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்த லூதரின் கொள்கையை ஏற்ற இரண்டு துறவிகளை உயிரோடு எரித்தார்கள். சட்டம் சார்லஸுடையது, ஆட்சி அவளுடையது. அந்தப் பழியை அவள் கணக்கிலும் எழுதத்தான் வேண்டும்.

1530-இல் காலில் புண் அழுகி, டிசம்பர் 1-இல் மெக்கெலனில் இறந்தாள். அடுத்து வந்தவள் ஹங்கேரியின் மரியா, மார்கரெட் வளர்த்த அண்ணன் மகள். 1555 வரை ஆண்டாள். அரசவையை பிரஸல்ஸுக்குக் கொண்டுபோனவள் அவளே.

அதனால்தான் உன்னை மெக்கெலனில் கைசர்ஸ்ட்ராட் தெருவுக்குப் போகச் சொல்கிறேன். மார்கரெட்டின் வீடு இன்றைக்கு நீதிமன்றம், முற்றம்வரை போகலாம். செங்கல்லில் கட்டிய பழைய பாணிப் பகுதியையும், தெருப்பக்கம் இத்தாலிய முறையில் எழுப்பிய முகப்பையும் ஒப்பிட்டுப் பார். வான் ஐக் வரைந்த அர்னோல்ஃபினி தம்பதி ஓவியம், இப்போது லண்டனில் இருப்பது, அவளிடம்தான் இருந்தது. எதிரில் இருக்கும் நாடக அரங்கு, சார்லஸும் மரியாவும் வளர்ந்த அரண்மனை. இரண்டு வாசலுக்கும் இடையே தெரு எத்தனை அடி அகலம் என்று நடந்து பார்த்து எழுது. காலையில் குளிரும், கம்பளிச் சட்டை எடுத்துப் போ.

அன்புடன்,
அம்மா