சூடு மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பண்டைச் சீனத் தொழில்நுட்பம் பற்றிய கட்டுரையில் காகிதத்துக்கும் திசைகாட்டிக்கும் பக்கம் பக்கமாக இடம் கொடுத்துவிட்டு, வார்ப்பிரும்பை ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். சீன உலைகள் அதிகச் சூடானவை, அதனால் இரும்பு உருகியது என்கிறது அந்த வரி. அதுவும் பாதிதான் சரி.

தூய இரும்பு உருக 1538 டிகிரி செல்சியஸ் வேண்டும். சீனக் கொல்லர்கள் அந்தச் சூட்டைத் துரத்தவில்லை. உயரமான உலைக்குள் இரும்பு மெல்ல இறங்கும்போது, கூடவே கிடக்கும் கரியிலிருந்து கார்பனை ஏற்றிக்கொள்கிறது. கார்பன் 4 சதவீதத்தைத் தாண்டினால் 1150 டிகிரியை ஒட்டியே உருகி ஓடும். உலை குட்டையாக இருந்தால் கரியோடு சேர்ந்திருக்க நேரம் போதாது. கசடு கலந்த பஞ்சுக்கட்டிதான் மிஞ்சும், அதைச் சம்மட்டியால் அடித்தே சுத்தம் செய்ய வேண்டும்.

ஓடவிட்டதோடு வேலை முடியவில்லை. அந்த இரும்பில் சிலிக்கான் குறைவு. மெல்லிய வார்ப்பு சட்டென்று ஆறிவிடும். இரண்டும் சேர்ந்தால் கிடைப்பது வெண்வார்ப்பிரும்பு. உடைத்துப் பார்த்தால் முறிவு வெள்ளியாய் மின்னும். அதில் செய்த மண்வெட்டி கல்லில் பட்டால் ஓடு மாதிரி தெறித்துவிடும்.

இங்கேதான் அவர்களுடைய கெட்டிக்காரத்தனம். வார்த்த கருவிகளைச் சூளையில் அடுக்கி, 900 டிகிரியை ஒட்டிய சூட்டில் நாள்கணக்கில் வைத்து, மெதுவாக ஆறவிட்டார்கள். இரும்பும் கார்பனும் கூடிய, நொறுங்கும் தன்மையுள்ள இரும்புக் கார்பைடு சிதைந்து, கார்பன் சின்னச் சின்னத் திரளைகளாக ஒதுங்கும். காற்றுப் படும் மேல்தோலில் கார்பன் எரிந்து குறையும். சூடு போதாவிட்டால் ஒன்றும் மாறாது. 1150-ஐ நெருங்கவிட்டால் கருவியே தொய்ந்து உருக்குலையும். அவசரப்பட்டு வெளியே எடுத்தால் நடுப்பகுதி வெண்மையாகவே நின்று, முதல் அடியில் முறியும். சீனாவின் லோயாங் நகரில் கிடைத்த பொ.ஆ.மு. 5ஆம் நூற்றாண்டுக் கருவிகளிலேயே இந்தப் பக்குவம் தெரிகிறது.

உருகிய இரும்பை ஊற்றும் அச்சிலும் அதே கவனம்தான். ஹெனான் மாநிலத்து வென் வட்டாரத்தில் 1974இல் ஒரு சூளை அகப்பட்டது. உள்ளே தேர், குதிரைப் பூட்டுகளுக்கான களிமண் அடுக்கு அச்சுகள் 500க்கு மேல் இருந்தன. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவே ஒரே ஊற்றுக்குழாய் விட்டு, டஜன் கணக்கில் ஒரேயடியாக வார்ப்பது முறை. குழாயிலிருந்து பிரியும் வாய்க்கால்கள் மிக மெல்லியவை. ஆறிய அச்சில் ஊற்றினால் உலோகம் பாதி வழியிலேயே உறைந்துவிடும். ஈரம் இருந்தால் நீராவி கிளம்பி, வார்ப்பில் ஓட்டை விழும். அதனால் அச்சைச் சுட்டு, சூடு அடங்குமுன் ஊற்ற வேண்டும்.

ஜெங்ஜௌ அருகே குஷிங் என்ற இடத்தில் இருந்த ஹான் வம்சக் காலத்து அரசு இரும்பாலையை நீங்கள் தொடவே இல்லை. அங்குள்ள ஓர் உலையின் அடித்தளம் முட்டை வடிவம், சுமார் 4 மீட்டருக்கு 2.7 மீட்டர். வட்டமாக அவ்வளவு பெரிதாகக் கட்டினால் துருத்திக் காற்று நடுவுக்கு எட்டாது. அதற்காகவே அகலத்தைச் சுருக்கியிருக்க வேண்டும். அப்படியும் உலை குளிர்ந்து இரும்பு அடியில் உறைந்ததுண்டு. அங்கே கிடைத்த உறைந்த கட்டி ஒன்று 20 டன்னுக்கும் மேல்! உலையை இடிக்காமல் அதை வெளியே எடுக்க முடியாது.

இன்னொரு திருத்தம். நன்யாங் ஆளுநர் டு ஷி நீர்ச்சக்கரத்தால் துருத்தியை இயக்கியது பொ.ஆ. 31இல். அந்த நீர்ச்சக்கரம் பற்றிய உங்கள் பத்தியில் நிலக்கரியையும் சேர்த்துவிட்டீர்கள். அவர் காலத்து உலைகளில் எரிந்தது மரக்கரி. இரும்பு உருக்க நிலக்கரி பெரிய அளவில் வந்தது சோங் வம்சக் காலத்தில், 11ஆம் நூற்றாண்டை ஒட்டி. நிலக்கரியிலுள்ள கந்தகம் இரும்பில் ஏறும் என்பதால் அது சுலபமான மாற்றமும் அல்ல.

கட்டுரையோடு வந்த மண்வெட்டிப் படத்துக்குக் கீழே ‘அடித்துச் செய்த எஃகு’ என்று அச்சாகியிருக்கிறது. விளிம்பில் அச்சு சேர்ந்த கோடு படத்திலேயே தெரிகிறது, அது வார்த்தது. அடுத்த இதழில் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
வார்ப்புத் தொழிலில் உள்ள வாசகர்கள்