கடலுக்குள் தூண் நடுகிறோம்

எம்டன், ஜெர்மனி
14 ஜூலை 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நாலு வாரம் கழித்து நேற்றுதான் கப்பலை விட்டு இறங்கினேன். இன்னும் தரை ஆடுகிறது. மன்னார் வளைகுடாவில் காற்றாலை நட பிப்ரவரியில் டெண்டர் விட்டார்களே, அது வந்தால் நம்ம மீன்பிடித் தொழில் என்னாகும் என்று போனில் கேட்டீர்கள். முதலில் இங்கே நடப்பதைச் சொல்கிறேன்.

வட கடலில், போர்க்கும் என்ற தீவுக்கு வடக்கே, கரை தெரியாத தூரம். ஆழம் இருபது பாகம் (பாகம் ஆறடி) இருக்கும். காற்றாலையைத் தாங்கும் தூணாக நடுகிற ஒரு இரும்புக் குழாய் 70 மீட்டர் நீளம், ஆயிரம் டன்னுக்கு மேல். அதன் வாயில் நம்ம பைபர் படகைக் குறுக்கே வைத்துவிடலாம். கிரேன் அதை நிமிர்த்தி இறக்கினால், தன் கனத்திலேயே மணலுக்குள் கொஞ்சம் இறங்கும். பிறகுதான் சம்மட்டி.

எடுத்ததும் ஓங்கி அடிக்கமாட்டோம். ஓங்கில் (டால்பின்) போல ஒரு சின்னச் சாதி இங்கே உண்டு. அது விலகிப்போக நேரம் கொடுத்து, மெல்லத் தட்டித்தான் கூட்டுவோம். அதற்கும் முன்பே, ஓட்டை போட்ட ஹோஸைக் கடல் தரையில் சுற்றிப் போட்டு, கம்ப்ரசரில் காற்றை விடுவார்கள். உலை கொதிப்பதுபோல குமிழி எழும்பும். சத்தம் அதில் பட்டு அடங்கும். 750 மீட்டர் தள்ளி 160 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்பது இங்கே விதி. நான் தூணின் சாய்வு பார்க்கிறவன். அரை டிகிரிகூட அதிகம். கச்சான் காற்று கிளம்பினால் எல்லாம் நிற்கும், உங்களுக்குச் சொல்லணுமா!

இப்போது உங்கள் கேள்வி. மண் அரிக்காமலிருக்கத் தூணைச் சுற்றிக் கல் கொட்டுகிறார்கள். அதில் சிப்பி ஒட்டும், மீன் அடையும். கடலடிப் பாறைத்திட்டு மாதிரி, புதுப் பார்தான். ஆனால் அந்தப் பாரில் இழுவலை விட முடியாது. சுற்றி 500 மீட்டர் விலக்கு. க்ரேட்ஸீல் துறையில் இறால் பிடிக்கிற கிழவர் ஒருவர், என் வேலை தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உங்களைப் பார்த்த மாதிரி இருந்தது.

கூட்டம் போட்டால் போங்கள். தூண்களுக்கு நடுவே படகு போகலாமா, கேபிளை எவ்வளவு ஆழம் புதைப்பார்கள், சம்மட்டி அடிக்கிற மாதங்களுக்கு நஷ்டஈடு யார் தருவார் என்று கேளுங்கள். வாய்ச்சொல் வேண்டாம், எழுத்தில் வாங்குங்கள்.

அம்மாவிடம் சொல்லுங்கள்: இந்த ஊரில் டீக்குக் கற்கண்டு போட்டு, பாலேடு விட்டு, கலக்காமலே குடிக்கிறார்கள். மூன்று கப் குடிப்பது மரியாதையாம். போதுமென்றால் கரண்டியைக் கப்புக்குள் வைக்க வேண்டும். அது தெரியாமல் முதல் நாள் ஐந்து கப் குடித்துவிட்டேன்.

உங்கள் மகன்